தம்பி விழுங்கிய அயோடின்

தம்பியின் கை முறிந்த செய்தி வந்தபோது நான் ஜப்பானில் இருந்தேன். மினி லாரியில் திராட்சைப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறான். ஒரு பெட்டியைத் தூக்கி மேலே கொடுக்கும்போது தோளுக்குக் கீழே மளுக்கென்று சத்தம் கேட்டிருக்கிறது. முப்பத்தைந்தை எட்டாத வயது. நாள் முழுக்கப் பந்தலுக்கு அடியில் கைகளை உயர்த்தியே வேலை பார்க்கிறவன். அப்படிப்பட்டவனுடைய எலும்பு ஒரு பெட்டிக் கனத்துக்கு ஏன் முறிய வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போனில் என்னிடம் பேசியபோது அவன் வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கட்டுக்கு உள்ளே அரிக்கிறது, சொறிய முடியவில்லை என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே இருந்தான்.

எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டிக்குப் பக்கத்தில், மாதா கோயிலைச் சுற்றி எழுந்த சிறிய ஊர். பூட்டன் காலத்தில் வேதத்துக்கு வந்து கிறிஸ்தவர்களான குடும்பங்கள். பாதிப் பேர் வாத்தியார் வேலைக்குப் போவார்கள், பாதிப் பேர் தோட்டத்துக்குப் போவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் பிரிந்தது. அப்பா இறந்த பிறகு பன்னீர் திராட்சைத் தோட்டம் தம்பியின் பொறுப்பானது. நான் தேனியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். திருமணம் செய்துகொள்ளவில்லை. விடுமுறைகளில் வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் நடக்கும் சோதனைகளுக்கு ஒரு குழுவோடு போய் வருவேன்.

அங்கே போய் என்ன செய்கிறேன் என்று ஊரில் அக்கறையாகக் கேட்டவன் தம்பி ஒருவன்தான். அவனுக்குச் சொன்னது போலவே இங்கேயும் சொல்லிவிடுகிறேன். இரும்பு வரைக்கும் நட்சத்திரங்களின் உள்ளேயே வெந்து உருவாகிவிடும். அதைவிடக் கனமான தங்கம், அயோடின், யுரேனியம் போன்றவற்றுக்கு அந்த அடுப்பு போதாது. செத்துச் சுருங்கிய நட்சத்திரங்கள் இரண்டு ஒன்றோடொன்று மோதுவது போன்ற கொடூரமான நேரங்களில்தான் அவற்றில் பெரும்பகுதி பிறந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நியூட்ரான்கள் வெள்ளமாகப் பாயும். அணுக்கருக்கள் தாங்க முடியாத அளவுக்கு அவற்றை விழுங்கும். விழுங்கிய பிறகு நிலையாக நிற்க முடியாது. உள்ளே ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும், ஒரு எலக்ட்ரான் வெளியே பறக்கும், அணு அடுத்த தனிமமாகிவிடும். பிறகு இன்னொரு முறை, இன்னொரு முறை. இப்படி மாறி மாறிக் கடைசியில் அமைதியாக நின்றுவிட்டவைதாம் நம் கையில் இருக்கும் தங்கமும் நம் உப்பில் இருக்கும் அயோடினும். ஒவ்வொரு நிலையிலும் அது எவ்வளவு நேரம் தங்குகிறது என்று அளப்பது எங்கள் வேலை. பெரும்பாலும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் நேரம்.

ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் தம்பி கேட்பான், "இந்தத் தடவ எத்தன செத்துச்சுக்கா?"

"சாகலடா. வேற ஒண்ணா மாறுது."

"சாமியாரும் துக்க வீட்டுல அதத்தான் சொல்றாக" என்பான்.

கட்டுப் பிரித்த பிறகும் கை கூடவில்லை. மதுரைக்குக் கூட்டிப்போனோம். படம் எடுத்துப் பார்த்தபோது, முறிந்த இடத்தில் எலும்பு அரித்துப் போயிருந்தது. அங்கிருந்து துளி சதை எடுத்துச் சோதித்ததில், அது எலும்பும் இல்லை, கையில் இருக்க வேண்டிய எதுவும் இல்லை, தைராய்டு என்று வந்தது. கழுத்தில் இருக்க வேண்டியது புற்றாக மாறிக் கை எலும்புக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. டாக்டரம்மா அவனுடைய கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இந்தக் கட்டி எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டார். தம்பி தடவிப் பார்த்துக்கொண்டு, சட்டையில் மேல் பொத்தான் போடுவதை விட்டு வெகுகாலம் ஆகிறது, இறுக்கிப் பிடித்ததால் விட்டேன் என்றான். அவன் மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களுடைய மகளுக்கு அப்போதுதான் பேச்சு வந்திருந்தது.

முதலில் கழுத்தில் அறுவை. பிறகு கதிரியக்க அயோடின். தைராய்டுச் செல்களுக்கு ஒரு குணம் உண்டு, அவை உடம்பில் எங்கே போய் ஒளிந்தாலும் அயோடினைத் தேடிக் குடிக்கும், அதனால் அந்த அயோடினிலேயே வெடியை வைத்து அனுப்புகிறோம், அது தானாகத் தேடிப் போய் அழிக்கும் என்று டாக்டரம்மா தம்பிக்கு விளக்கினார். அயோடின் நூற்று முப்பத்தொன்று. எட்டு நாளில் பாதியாகும். ஒரு நியூட்ரான் புரோட்டானாகி, எலக்ட்ரானை உதறிவிட்டு, செனான் என்ற வாயுவாக அடங்கும். எனக்கு அதை நன்றாகத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியில் நமக்குத் தெரிந்தவர் ஒருவர் வேலை பார்க்கிறார் என்றால் ஒரு தைரியம் வருமே, அப்படி ஒரு தைரியம் எனக்கு அன்றைக்கு வந்தது. திரும்பும் வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அம்மாவிடம் கதிரியக்கம் என்ற சொல்லைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு பயம் உண்டு. போடிப் பக்கத்து மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் கட்டும் பேச்சு வந்த நாளிலிருந்து, பூசை முடிந்து வெளியே வந்தால் யாராவது என்னை நிறுத்தி, மலைக்குள் என்ன வைக்கப்போகிறார்கள், தண்ணீர் கெட்டுப்போகுமா என்று கேட்பார்கள். நானும் தெரிந்ததைச் சொல்வேன். அம்மா அருகில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்குள் என்ன சேர்ந்துகொண்டிருந்தது என்பது அடுப்படியில் வைத்து அவள் வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

"நீ எங்கெங்கயோ போயி அந்தக் கதிரத் தொட்டுட்டு வர்ற. வந்து அவன் கூட ஒக்காந்து ஒரே சட்டியில திங்கிற. இப்ப அதையே அவனுக்கு மருந்துங்கிறாக."

நான் பொறுமையாகச் சொன்னேன். நான் வேலை செய்யும் இடத்தில் எதையும் தொடுவதில்லை, சுவர்களுக்கு இந்தப் பக்கம் இருந்து கணினியில் பார்ப்பதுதான், கதிரை அளக்க நெஞ்சில் மாட்டியிருக்கும் வில்லையில் இதுவரை ஒன்றும் பதிந்ததில்லை என்றேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு, நான் காப்பி குடித்த டம்ளரை அவள் தனியாகக் கழுவி, மற்றவற்றோடு சேர்க்காமல் ஜன்னல் ஓரத்தில் கவிழ்த்து வைப்பதைப் பார்த்தேன். தம்பியும் பார்த்தான்.

"ஏம்மா, அக்கா கொண்டு வந்துருந்தா மொதல்ல அவளுக்குல்ல வந்துருக்கணும்" என்றான் சிரித்தபடி.

அம்மா அடுத்த டம்ளரைக் கழுவ எடுத்தாள்.

அயோடின் கொடுப்பதற்கு முன்னால் உடம்பை அதற்காகப் பட்டினி போட வேண்டும். கடல் மீன் கூடாது, கருவாடு கூடாது, பால் முட்டை கூடாது, அயோடின் சேர்த்த உப்பு கூடாது. கருவாடு இல்லாமல் தம்பிக்குச் சோறு இறங்காது. அவன் மனைவி அயோடின் சேர்க்காத உப்பைத் தேடிக் கம்பத்தில் கடை கடையாக ஏறி இறங்கினாள். அவள் வாங்கி வந்த பொட்டலத்தைப் பார்த்து, மாட்டுக்குப் போடுவதை எனக்குப் போடுகிறாயா என்று அவன் கேலி செய்தான். அந்த நாட்களில் வீட்டில் இருந்தவர்களும் கருவாடு சமைக்கவில்லை. வாசனை வந்தால் அவனுக்கு ஆசை வரும் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

மருந்தை ஈயக் குடுவையில் வைத்துக் கொண்டுவந்தார்களாம். உள்ளே ஒரே ஒரு மாத்திரை. அதை நீட்டியவர் நீட்டிய வேகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார் என்று அந்த அறைக்குள் இருந்தபடி தம்பி வீடியோவில் சொன்னான். "இம்புட்டுப் பயந்தா குடுக்குறவுக, நான் அத முழுங்கிட்டு ஒக்காந்துருக்கேன்" என்றான். எச்சில் சுரப்பி கெடாமல் இருக்க எலுமிச்சை மிட்டாய் சப்பச் சொல்லியிருந்தார்கள். வாயை ஒரு பக்கம் உப்பிக்கொண்டு பேசினான். வீட்டில் பாப்பா என் போனில் தெரிந்த அப்பாவின் முகத்தைத் தொட்டுத் தொட்டு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அறையை விட்டு வெளியே அனுப்பும்போது, குழந்தையிடமிருந்து சில நாள் தள்ளி இருக்க வேண்டும், மனைவியும் தனியாகப் படுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் அதற்கு இடம் போதாது. தோட்டத்தில் மோட்டார் ரூமை ஒழித்து, ஒரு கட்டில் போட்டோம். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று நான்தான் அனைவருக்கும் சொன்னேன். கல்லூரி ஆய்வகத்தில் துறைத்தலைவரிடம் அனுமதி வாங்கி கதிர் பட்டால் சத்தம் எழுப்பும் ஒரு கெய்கர் கவுன்ட்டரைக் கொண்டுபோனேன். பந்தலுக்கு அடியில் ஒரு கல்தூணை அடையாளமாக வைத்து, தினமும் சாயங்காலம் தம்பியைக் கட்டிலில் உட்காரச் சொல்லிவிட்டு, அங்கிருந்து அளந்தேன்.

முதல் நாள் அது அடித்த அடியில் தம்பிக்கே திகைப்பு. சோளம் பொரிவது போல இருந்தது. அடுத்தடுத்த நாட்களில் குறைந்தது. உடம்பில் தங்காதது சிறுநீரில் போய்விடும், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் முறிந்த கையின் பக்கம் கவுன்ட்டரைக் காட்டினால் மட்டும் சத்தம் கூடியது. அங்கே அது மெல்ல மெல்லத்தான் குறைந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிடித்து வைத்திருக்கிறது என்றால் குடித்திருக்கிறது, குடித்திருக்கிறது என்றால் நோய் செத்துக்கொண்டிருக்கிறது. பல நாட்டவர் சேர்ந்து எடுக்கும் அளவுகளில் எனக்கு வராத மகிழ்ச்சி அந்தப் பழைய கவுன்ட்டரின் சத்தத்தில் வந்தது.

அந்தச் சாயங்காலங்களில் நாங்கள் பேசியது போல எங்கள் சின்ன வயதில்கூடப் பேசியதில்லை. தள்ளி உட்கார வேண்டியிருந்ததால் சற்று உரக்கப் பேச வேண்டியிருந்தது. அவன் ஒருநாள் கேட்டான், "இந்த அயோடின எங்கருந்துக்கா எடுக்குறாக?"

நான் சொன்னேன். அவன் விழுங்கியது அணு உலையில் செய்தது. டெல்லூரியம் என்ற ஒன்றை நியூட்ரானில் குளிப்பாட்டினால் அது அயோடினாக மாறும். ஆனால் உப்பில் இருப்பது, கடலில் இருப்பது, பூமி உருவாவதற்கு முன்பே வந்தது. நான் அளக்கும் அந்தத் தாங்க முடியாத அணுக்களின் வழியாக வந்தது.

"அப்ப எல்லார் கழுத்துலயும் அதுதான் இருக்கா?"

"எல்லார் கழுத்துலயும்."

அவன் கழுத்துத் தழும்பை விரலால் தடவிக்கொண்டான். "அம்மாட்ட சொல்லிறாத. அடுத்து நட்சத்திரத்தப் பிடிச்சுத் திட்டும்" என்றான்.

அவன் மனைவி பொழுது சாயும் நேரத்தில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தோட்டத்து வரப்பு வரைக்கும் வருவாள். அவன் பந்தலுக்கு அடியில் நின்று கையை ஆட்டுவான். முதல் நாள் குழந்தை கையை நீட்டி அழுதது. அவனால் நிற்க முடியாமல் மோட்டார் ரூமுக்குள் போய்விட்டான். பிறகு பழகிவிட்டது. குழந்தையும் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டு, அம்மாவின் தோளில் சாய்ந்து திரும்பிப் போகும்.

அதற்குப் பிறகு ஒரு நல்ல வருஷம் இருந்தது. கை கூடிவிட்டது. கொடிகளை வெட்டிக் கவாத்து எடுத்தான், மருந்து அடித்தான், இரண்டு அறுப்பு அறுத்தான். குமுளி வழியாக வரும் வியாபாரியோடு பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக விலை பேசி, போன் வைத்த பிறகு அவரைப் போலவே பேசிக் காட்டி எங்களைச் சிரிக்க வைத்தான். வைகை அணைக்கு எல்லோரும் போனோம். பாப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு பூங்கா முழுக்கச் சுற்றினான். முறிந்த கைப்பக்கம் வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, அந்தத் தோளில்தான் வைத்துக்கொண்டான்.

இடுப்பு வலி என்று அவன் முதலில் சொன்னபோது மோட்டாரைத் தூக்கியதால் என்றான். இருமலுக்குப் பனி என்றான். இரத்தத்தில் நோயைக் காட்டும் ஒரு அளவு ஏறிக்கொண்டே போனது. ஸ்கேனில் இடுப்பு எலும்பிலும் நுரையீரலிலும் தெரிந்தது. டாக்டரம்மா இன்னொரு முறை அயோடின் கொடுக்கலாம், இந்த முறை அதிகமாகக் கொடுக்கலாம் என்றார். மறுபடியும் கருவாடு இல்லாத நாட்கள், மறுபடியும் ஈயக் குடுவை, மறுபடியும் மோட்டார் ரூம். பாப்பாவுக்கு இப்போது பேச்சு நன்றாக வந்துவிட்டது. அப்பாவுக்கு உள்ளே லைட் எரிகிறது, அது அணைந்ததும் போகலாம் என்று அவளாகவே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். யார் அப்படிச் சொல்லிக்கொடுத்தது என்று எனக்குத் தெரியாது. தம்பியாகத்தான் இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் சாயங்காலம் நான் அதே கவுன்ட்டரோடு போனேன். இன்னும் வெயில் இருந்தது. பந்தலின் இலை இடுக்குகளில் வெளிச்சம் விழுந்து அவன் மேலெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தது. கவுன்ட்டரை வழக்கமான தூணுக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டேன். அது ஒன்றிரண்டாக அடித்தது. சும்மா தோட்டத்தில் வைத்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் அவ்வளவு அடிக்கும், அதைவிடச் சற்றுத்தான் கூட. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். அருகில் போனேன். கையின் பக்கம் காட்டினேன், நெஞ்சின் பக்கம், இடுப்பின் பக்கம் காட்டினேன். எங்கேயும் கூடவில்லை. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, வெறுமையாக இருந்தது.

தம்பி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொறஞ்சிருச்சாக்கா?"

"கொறஞ்சிருச்சு."

"போன தடவ இம்புட்டுச் சீக்கிரம் கொறையலல்ல. அப்ப பாப்பாவத் தூக்கலாமா?"

"தூக்கலாம்."

"பெறகு ஏன் இப்படி நிக்கிற?"

நான் கட்டிலின் மறு முனையில் உட்கார்ந்தேன். அவ்வளவு அருகில் அந்த நாட்களில் நான் உட்கார்ந்ததே இல்லை. அவனும் நகர்ந்து போகவில்லை. "போன தடவ ஒன் கை அயோடினப் பிடிச்சு வச்சிருந்துச்சு. இந்தத் தடவ ஒடம்புல எங்கயுமே பிடிக்கல. வந்த வழியே வெளிய போயிருச்சு" என்றேன்.

அவன் யோசித்தான். அவனுக்குப் புரிய நேரம் ஆகவில்லை. புரிந்ததை வாயால் சொல்லத்தான் நேரம் ஆனது.

"அப்ப மருந்து அதப் பாக்காமலே போயிருச்சு."

"ஆமாடா."

தூரத்தில் யாரோ ஸ்பிரேயரை நிறுத்தினார்கள். தம்பி சட்டையின் ஓரத்தைச் சுருட்டி, விட்டு, மறுபடி சுருட்டினான். பிறகு சொன்னான், "ஸ்கேன் எடுத்துட்டு அவுகளே சொல்லட்டும். இன்னிக்கு அவகிட்ட ஒண்ணும் பேசாத. பாப்பாவக் கூட்டிட்டு வரச் சொல்லு."

நான் போன் செய்தேன். அவன் மனைவி செருப்புக்கூடப் போடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். வழக்கமாக நிற்கும் வரப்பில் அவளே நின்றுவிட்டாள், வா என்று அவன் கூப்பிட்ட பிறகுதான் வந்தாள். பாப்பாவை இறக்கிவிட்டதும் அவள் அப்பாவிடம் ஓடவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போகலாமா என்று கேட்கும் பார்வை. "போ, லைட்டு அணைஞ்சிருச்சு" என்றேன். அவள் நடந்து போனாள். தம்பி மண்ணில் உட்கார்ந்து அவளை மடியில் எடுத்துக்கொண்டான். அவள் அவன் வாயைத் திறக்கச் சொல்லி, மிட்டாய் இருக்கிறதா என்று பார்த்தாள். அவன் மனைவி முகமெல்லாம் சிரிப்பாக என் பக்கம் திரும்பி, இந்தத் தடவை மருந்து சீக்கிரம் கேட்டுவிட்டது, எல்லாம் மாதா புண்ணியம் என்றாள். தம்பி குழந்தையின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தான். நான் ஆமாம் என்பது போலத் தலையை அசைத்தேன்.

ஸ்கேனில் என் கவுன்ட்டர் சொன்னதுதான் வந்தது. டாக்டரம்மா தம்பி மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். சில பேருக்கு இப்படி ஆவதுண்டு, நோய் முற்ற முற்ற அந்தச் செல்கள் தம்முடைய குணத்தை இழந்துவிடும், அயோடினைக் குடிப்பதையே மறந்துவிடும், பிறகு எவ்வளவு கொடுத்தாலும் பயனில்லை என்றார். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அத ஞாபகப்படுத்த ஒண்ணும் இல்லைங்களா?" டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முயற்சிகள் நடக்கின்றன, இவருக்கு உதவும் நிலையில் இல்லை என்றார்.

அயோடினுக்குப் பதிலாக வேறு மாத்திரைகள் கொடுத்தார்கள். அவற்றால் உள்ளங்கையும் பாதமும் தோல் உரிந்து, அவனால் கவாத்துக் கத்தரியைப் பிடிக்க முடியவில்லை. நடக்க முடியவில்லை. சில மாதங்கள் அவற்றால் கிடைத்தன. பிறகு அவனே வேண்டாம் என்றான். வீட்டின் முன்னறையில், ரோடு தெரியும்படி கட்டிலைப் போடச் சொன்னான். நான் கல்லூரிக்கு விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வந்து தங்கினேன். பாப்பா அவன் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைவாள். மூச்சு வாங்கும்போதும் எது என்ன என்று கேட்டு, தப்பாகச் சொல்லி அவளைக் கோபப்படுத்துவான்.

ஒரு தடவை நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, "நீ அளக்குற அதெல்லாம் எப்ப மாறும்னு முன்னாடியே சொல்ல முடியுமா?" என்று கேட்டான்.

முடியாது என்றேன். ஆயிரம் அணு இருந்தால் இவ்வளவு நேரத்தில் பாதி மாறிவிடும் என்று சொல்லலாம். இந்த ஒன்று எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

"நல்லதுதான்" என்றான். அதற்கு மேல் பேச மூச்சு இல்லை.

அவன் போனது காலையில். பக்கத்துத் தோட்டத்தில் அறுப்பு. ரோட்டில் லாரி நின்று பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள், ஆட்கள் எண்ணிச் சொல்லும் சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது. அவன் மனைவி அவனுடைய தலையைத் தன் மடியில் வைத்திருந்தாள். அம்மா காலடியில் ஜெபமாலையோடு இருந்தாள். நான் அவன் கையைப் பிடித்திருந்தேன், கூடிப் போன அந்தக் கையை. அவன் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, பிறகு இறங்கியது, மறுபடி ஏறவில்லை. லாரிக்காரர்களுக்கு யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சத்தம் நின்றது. சிறிது நேரத்தில் கோயிலில் துக்க மணி அடித்தார்கள். சாயங்காலம் அடக்கம் செய்தோம்.

அம்மா அழுது முடித்தாள். அன்றைக்கு அடுப்படியில் சொன்னதை அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை, இன்னொரு முறை சொல்லவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனால் எனக்குப் பிடித்ததைச் சமைக்கிறாள். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் நம்புவது பொய் என்று எனக்குத் தெரியும். மகனைப் பறிகொடுத்தவளிடம் அதை நிரூபித்து என்ன செய்வது? நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் குழுவிலிருந்து அழைத்தபோது போகவா வேண்டாமா என்று வெகுநாள் யோசித்தேன். போனேன். அந்த முறை, இதுவரை யாரும் அளக்காத ஒரு அணுக்கருவின் ஆயுள் எங்கள் திரையில் முதன்முதலாகத் தெரிந்தது. புள்ளிகள் சேரச் சேர, உயரத்தில் தொடங்கி வேகமாகச் சரிந்து விழும் ஒரு கோடு. எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் சரிந்தது. அறையில் எல்லோரும் கை தட்டினார்கள். இளம் மாணவி ஒருத்தி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். பிறகு வெளியே வந்து, காப்பி இயந்திரம் இருக்கும் நடையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் படித்துத் தெரிந்துகொண்ட வேலையும், எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தம்பி போனதும் ஒரே கோடாக இருப்பதை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. உள்ளே போனபோது என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்டார். பயணக் களைப்பு என்றேன்.

தோட்டத்தைத் தம்பி மனைவியே பார்த்துக்கொள்கிறாள். குத்தகைக்கு விடச் சொன்னவர்கள் பேச்சை அவள் கேட்கவில்லை. போன மாதம் நான் போயிருந்தபோது கவாத்து நடந்துகொண்டிருந்தது. பாப்பா பள்ளிச் சீருடையோடு வெட்டிய கொடிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவை ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். "அத்தை, எங்கப்பா அங்கன நின்னு கையை ஆட்டுவாக" என்று பந்தலைக் காட்டினாள். வேறு என்ன ஞாபகம் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தாள். அதுதான் என்றாள். அணையில் தோளில் சுமந்தது, மடியில் உட்கார்ந்து மிட்டாய் தேடியது, கட்டிலில் படம் வரைந்தது எதுவும் அவளிடம் இல்லை. தூரத்தில் நின்று கையாட்டும் ஒருவர் மட்டும் இருக்கிறார். நான் மற்றவற்றைச் சொன்னேன். கதை கேட்பது போலக் கேட்டுவிட்டு, தண்ணீர் குடிக்க ஓடினாள்.

அவளுடைய அம்மா ஏணியில் நின்று வெட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வேலையை நிறுத்தாமலே சொன்னாள், "மதினி, அந்த நாளுல எல்லாம் நானும் தள்ளித்தான படுத்தேன். கதிரு போகட்டும், பெறகு இருக்குல்லன்னு நெனச்சேன். ஒருநா, ஒரு ராத்திரியாச்சும் அவுக பக்கத்துல படுத்துருக்கலாம்."

எவ்வளவு தள்ளி, எத்தனை நாள் என்று அவளுக்குச் சொன்னது நான். சொன்ன கணக்கு சரியானதுதான், இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அந்த வரிசையை முடித்துவிட்டு இறங்கி, முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். ஏணியை ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்கி அடுத்த வரிசைக்குக் கொண்டுபோனோம்.